கூடத்துக்கு வந்த காட்டு மரம்

சில ஆண்டுகளுக்கு முன், புதுமனை புகுவிழாப் பரிசாக நம் இல்லத்துக்கு ஒரு தொட்டிச் செடி வந்தது. முழங்கால் உயரம், உள்ளங்கையைவிட அகலமான தடித்த இலைகள், எண்ணெய் தடவித் துடைத்தாற் போன்ற மினுமினுப்பு, நுனியிலே சிவந்த உறைக்குள் சுருண்டிருந்த குருத்து. ரப்பர்ச் செடி என்றார்கள். கூடத்தின் உள்மூலையில், வெறுஞ்சுவரை மறைப்பதற்கு ஏற்ற இடமாகப் பார்த்து அதனை வைத்தோம். நாள் தவறாமல் காலையில் ஒரு செம்பு நீர் ஊற்றினோம். அன்புக்குக் குறைவில்லை. ஆயினும், இரண்டே மாதங்களில் அடியிலைகள் ஒவ்வொன்றாய் மஞ்சளித்து உதிரத் தொடங்கின. வாடுகிறதே என்று நீரைக் கூட்டினோம். இலை உதிர்வதும் கூடிற்று. இறுதியில் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேர்கள் கறுத்து அழுகிச் சேற்று வாடை வீசிற்று. அந்தச் செடி தாகத்தால் மடியவில்லை. நம் தாராளத்தால் மடிந்திருந்தது.

எவ்வளவு நீர், என்ன உரம், எந்த மூலை என்றெல்லாம் அக்கம்பக்கத்தாரைக் கேட்டோம். ஒன்றை மட்டும் கேட்கவில்லை: இந்த மரம் எங்கிருந்து வந்தது? நர்சரியிலிருந்து வந்தது என்பது அதற்கு விடையாகாது. ஒரு மரத்தைக் காட்டிலிருந்து பிரித்து நான்கு சுவருக்குள் குடியேற்றும்போது, காடு அதற்குச் செய்துவந்த பணிகளையெல்லாம் நாம் ஏற்றுக்கொள்கிறோம். அப்பணிகள் யாவை என்று அறியாதவன் அன்பு செலுத்தியும் கொன்றுவிடுவான். இந்த உண்மையை மனிதர் கற்றுக்கொண்ட வரலாறு சுவையானது. சில இடங்களில் நெஞ்சைச் சுடுவதும்கூட. அதனைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

தேன் வந்த கூடை

1810ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்கு ஒரு கூடை வந்து சேர்ந்தது. அப்போது அத்தோட்டத்தின் தலைவராக இருந்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். ஸ்காட்லாந்து நாட்டவர், 1776இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தவர், தென்னாட்டுச் செடிகொடிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1793இல் கல்கத்தாத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றவர். கூடையை அனுப்பியவர் சில்ஹெட் நகரில் வாழ்ந்த மேத்யூ ரிச்சர்டு ஸ்மித் என்பவர். பிரம்பைப் பிளந்து முரட்டுத்தனமாகப் பின்னிய நாற்கோணக் குடுவை அது. அதற்குள் நிறையத் தேன் இருந்தது.

பிரம்புக் கூடையில் தேன் நிற்குமா? நின்றது. சில்ஹெட்டுக்கு வடக்கே உள்ள மலைகளிலிருந்து அத்தனை தொலைவு வந்தும் ஒழுகவில்லை. கூடையின் உட்புறத்தில் ஒரு மரத்தின் பால் பூசப்பட்டிருப்பதாக ஸ்மித் எழுதியிருந்தார். ராக்ஸ்பர்க்குக்குத் தேனின் சுவையைவிட அந்தப் பூச்சின் தன்மையை அறியும் ஆவலே மிகுந்தது. கூடையைக் காலி செய்து கழுவிப் பார்த்தார். உட்புறம் முழுவதும் மெல்லிய ரப்பர்ப் படலம் படிந்திருந்தது. பின்னர் அம்மரத்தின் இளங்கன்றுகளை வரவழைத்துத் தோட்டத்தில் வளர்த்தார். ஆலும் அரசும் அத்தியும் சேர்ந்த குடும்பத்தில் அதனை இனங்கண்டு, 'ஃபைகஸ் எலாஸ்டிகா' என்று பெயரிட்டார். இழுபடும் பாலுள்ள அத்தி என்பது அப்பெயரின் கருத்து. அப்பெயர் 1819இல் அச்சேறியபோது ராக்ஸ்பர்க் உயிரோடில்லை, 1815இலேயே காலமாகிவிட்டார்.

தாவரவியல் நூல்களுக்கு அந்த ஆண்டில் அறிமுகமான மரம், மலைவாழ் மக்களுக்கு முன்பே உறவாகியிருந்தது. அதன் பாலை எப்படிச் சேர்ப்பது, எதற்குப் பூசுவது என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். அறிவு முதலில் அவர்களிடமிருந்து வந்தது. பெயர்தான் கல்கத்தாவிலிருந்து வந்தது.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். ரப்பர் மரம் என்றவுடன் குமரி மாவட்டத்து வாசகர்களின் கண்முன் வருவது, அடிமரத்தில் கீறிச் சிரட்டை கட்டிப் பால் இறக்கும் தோட்டத்து மரமே. அது ஹேவியா, தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளைத் தாயகமாகக் கொண்டது, ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் கூடத்துத் தொட்டியில் நிற்பது வேறு. அது நம் நாட்டின் வடகிழக்கு மலைகளும் அதற்கப்பால் பர்மா, மலேயா, சாவகம் வரை விரிந்த காடுகளும் பெற்றெடுத்த பிள்ளை, ஆலமரத்தின் உடன்பிறப்பு. பெயர் ஒன்றாயினும் இரண்டும் வெவ்வேறு மரங்கள். இவ்விரண்டின் கதைகளும் பின்னர் ஓரிடத்தில் சந்திக்கும்.

மரத்தின் மேல் பிறந்த மரம்

காசி, ஜெயந்தியா மலைகள் இன்றைய மேகாலயத்தில் உள்ளன. அங்கே உள்ள சிரபுஞ்சியில் ஆண்டுக்குச் சராசரியாக 11,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகிறது. அத்தகைய மழையில் செழிக்கும் மரம் தொட்டியில் ஊற்றிய ஒரு செம்பு நீரால் மடிந்ததென்றால் நம்புவதற்கு அரிதாகவே தோன்றும். ஆனால் அம்மரம் பிறக்கும் விதத்தை அறிந்தால் வியப்பு நீங்கிவிடும்.

பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதைகளை எச்சத்தோடு விடுகின்றன. பல விதைகள் மண்ணைத் தொடுவதே இல்லை. வேறொரு பெருமரத்தின் கவட்டில், அங்கே சேர்ந்த சிறிது இலைமக்கில், அவை முளைக்கின்றன. கிடைக்கும் மண் ஒரு கைப்பிடி. கொட்டும் மழை உடனே வழிந்தோடிவிடுகிறது. வேரைச் சுற்றிக் காற்று எப்போதும் உலவுகிறது. மேலே மரத்தழைகளின் ஊடாக வடிந்துவரும் ஒளி கிடைக்கிறது. உச்சி வெயிலின் கொடுமை நேராகத் தாக்குவதில்லை. மழையில்லாத நாட்களில் அக்கைப்பிடி மண் காய்ந்துபோகும். தடித்த இலையின் மெழுகுப் போர்வை உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் காக்கும். பிறகு விழுதுகளைக் கீழே இறக்கி, நிலத்தைத் தொட்டதும் பெருகி, காலப்போக்கில் தன்னைத் தாங்கிய மரத்தையும் சூழ்ந்து, நூறடி உயரத்துக்கும் வளர்ந்துவிடும்.

இந்தப் பிறப்பு வரலாற்றில் தொட்டிச் செடிப் பராமரிப்பின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சிறிதளவு மண்ணில் வாழப் பிறவியிலேயே பழகிய மரம் அது. ஆகவே தொட்டி அதற்குப் புதிதன்று. இடையிடையே காய்வதைத் தாங்கும். தேங்கிய நீரைத் தாங்காது. சிரபுஞ்சியின் மழை அத்தனையும் வழிந்தோடும் மழை. நாம் ஊற்றியதோ, வடிய வழியின்றித் தொட்டியடியில் தேங்கிய நீர். நீரின் அளவில் நேர்ந்த பிழையைவிட, அதற்குப் போக்கிடம் வைக்காத பிழையே பெரிது.

அம்மலைகளின் மக்கள் இம்மரத்தின் விழுதுகளைக் கொண்டு செய்திருக்கும் வேலை உலகம் வியப்பது. காட்டாற்றின் ஒரு கரையில் நிற்கும் மரத்தின் வேர்களை, மூங்கிலின் மேலோ, பிளந்து குடைந்த பாக்குமரத் தண்டுக்குள்ளோ செலுத்தி மறுகரைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே மண்ணில் ஊன்றச் செய்கிறார்கள். மேலும் மேலும் வேர்களைச் சேர்த்துப் பின்னுகிறார்கள். ஆள் நடக்கும் உறுதி வருவதற்குப் பல ஆண்டுகள், சில இடங்களில் ஒரு தலைமுறைக் காலம்கூட ஆகிறது. மரப்பாலம் மழையில் மக்கும். இரும்புப் பாலம் துருப்பிடிக்கும். இந்த உயிர்ப்பாலமோ ஆண்டுக்கு ஆண்டு வலுப்பெறும். ஹென்றி யூல் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் 1844இலேயே இவற்றைப் பற்றி எழுதினார். காசி மொழியில் 'ஜிங்கியெங் ஜ்ரி' எனப்படும் இப்பாலங்களை, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2022இல் சேர்த்தார்கள். முதல் வேரை இழுத்துக் கட்டியவன் அப்பாலத்தில் முதுமையில் நடப்பான். அல்லது அவன் மகன் நடப்பான். அந்தப் பொறுமையை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

குளிர் நாட்டில் ஒரு கண்ணாடிப் பேழை

வெப்ப நாட்டு மரத்தை வீட்டுக்குள் வளர்க்கும் வழக்கம் வெப்ப நாட்டில் தோன்றியதன்று. நமக்கு முற்றத்து வேம்பும் கொல்லை முருங்கையும் போதுமாயிருந்தன. மரத்துக்கு வெளியே இடமில்லாத குளிர் நாடுகளிலேதான் அதனை உள்ளே வைத்துக் காக்கும் கலை வளர்ந்தது. தொடக்கத்தில் அது அரசர்களின் ஆடம்பரம். பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1684க்கும் 1686க்கும் இடையில் ஆரஞ்சு மரங்களுக்கென்றே ஒரு மாளிகை கட்டினார்கள். தொட்டிகளில் நின்ற மரங்கள் கோடையில் வெளியே உலாவந்தன. குளிர்காலத்தில், பெரிய சன்னல்கள் தெற்கு வெயிலை வாங்கித்தரும் அம்மாளிகைக்குள் தங்கின. தம் மரங்களுக்கு இப்படி ஒரு வெயில் மாளிகை எழுப்ப எளியவர்களால் இயலுமா?

எளியவர்க்கும் வழி திறந்தவர் ஒரு மருத்துவர். நத்தானியேல் பாக்ஷா வார்டு, லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் உழைப்பாளிகளுக்கிடையே மருத்துவம் பார்த்தவர். செடிகளின்மேல் தீராத ஆசை. ஆனால் அவர் நட்ட பெரணிகளெல்லாம் ஆலைப்புகையிலும் கரித்தூளிலும் மடிந்தன. 1829இல் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு சிறகு முளைப்பதைக் காண விரும்பி, ஈரமண்ணோடு அதனைக் கண்ணாடிச் சீசாவில் இட்டு மூடிவைத்தார். சில நாட்களில் அம்மண்ணில் ஒரு சிறு பெரணியும் ஒரு புல்லும் தலைநீட்டின. தோட்டத்தில் பேணியும் பிழைக்காத பெரணி, மூடிய சீசாவுக்குள் தானாகத் தழைத்தது. பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தது. குளிர்ந்ததும் துளியாகி மண்ணுக்கே திரும்பிற்று. புகை உள்ளே வரவில்லை; ஒளி மட்டும் வந்தது.

வார்டு அச்சீசாவைப் பெட்டியாக வளர்த்தார். 1833இல் செடிகள் நிறைந்த இரு கண்ணாடிப் பெட்டிகள் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குக் கப்பலேறின. உப்புக் காற்றும் நன்னீர்த் தட்டுப்பாடும் அதுவரை பெரும்பாலான செடிகளை வழியிலேயே கொன்றுவந்தன. இப்பெட்டிகளில் சென்றவையோ பசுமையாய்க் கரையேறின. அதே பெட்டிகள் ஆஸ்திரேலியச் செடிகளைச் சுமந்து, கொடுங்குளிரையும் கடும்வெப்பத்தையும் கடந்து லண்டன் திரும்பின, அவையும் பிழைத்திருந்தன. 1842இல் தம் கண்டுபிடிப்பை வார்டு நூலாக வெளியிட்டார். நகரத்து ஏழையின் வீட்டுக்குள்ளும் சிறிது பசுமையும் தூய்மையும் புகவேண்டும் என்ற ஏக்கத்தை அந்நூலில் காண்கிறோம்.

காலமும் துணைசெய்தது. நூறாண்டுகளாகக் கண்ணாடிக்கு விதித்திருந்த வரியை இங்கிலாந்து 1845இல் நீக்கியது. சன்னல் வரி 1851இல் ஒழிந்தது. கியூ தோட்டத்தில் 1848இல் இரும்பாலும் கண்ணாடியாலும் ஆன பனைமாளிகை எழுந்தது. நடுத்தரக் குடும்பங்களின் கூடங்களிலும் வெப்ப நாட்டுச் செடிகள் இடம்பெற்றன. ஆனால் அக்கூடங்கள் செடிகளுக்குச் சொர்க்கமாக இல்லை. கனத்த திரைச்சீலைகள், மங்கிய ஒளி, எரிவாயு விளக்கின் நச்சுப்புகை, கணப்படுப்பின் வறட்சி ஆகிய நான்கையும் தாங்குவன சிலவே. அச்சிலவற்றுள் ஒன்றாக நம் ரப்பர் அத்தியும் நிலைத்தது. மரக்கவட்டின் வறுமையில் பழகிய மெழுகிலை இங்கே கைகொடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் இடையில், இரண்டாம் உலகப் போரின் இடிபாடுகளிலிருந்து மீண்ட செருமானியரின் கூடங்களிலும் இம்மரமே நின்றது. 1950களின் செருமானிய இல்லத்துக்கு அது ஓர் அடையாளமாகவே ஆயிற்று.

கன்றுகளின் கணக்கும் மனிதரின் கணக்கும்

வார்டின் பேழை கூடங்களை அலங்கரிப்பதோடு நிற்கவில்லை. பேரரசு அதனைத் தன் கருவியாக்கிக்கொண்டது. சீனத்துத் தேயிலை இமயச் சாரலுக்கும், தென் அமெரிக்கச் சின்கோனா நம் உதகைக்கும் வந்தது இத்தகைய பேழைகளிலேதான். 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் அமேசான் கரையிலிருந்து ஏறத்தாழ 70,000 ஹேவியா விதைகளைக் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றுள் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவே. அவ்வாண்டு ஆகஸ்டில் ஏறத்தாழ 1,900 கன்றுகள் 38 கண்ணாடிப் பேழைகளில் ஒரு தோட்டக்காரரின் பொறுப்பில் இலங்கைக்குப் புறப்பட்டன. கம்பகா அருகே ஹெனரத்கொடையில் அவை வேரூன்றின. மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. இலங்கையிலும் மலேயாவிலும் பின்னர் பரந்த ரப்பர்த் தோட்டங்களுக்கு இவற்றின் வழித்தோன்றல்களே ஆதாரமாயின.

இங்கேதான் இரு மரங்களின் கதைகளும் சந்திக்கின்றன. அதுவரை அசாமிலும் சுமத்ராவிலும் மலேயாவிலும் வணிக ரப்பருக்காக நம் அத்தியையும் கீறிப் பால் எடுத்தார்கள். அதற்கெனத் தோட்டங்களும் போட்டார்கள். ஹேவியாவின் பால் மிகுதியாகவும் தரமாகவும் கிடைத்ததால் அத்தியைச் சந்தை கைவிட்டது. பயனற்றதென்று தள்ளப்பட்ட மரம் கூடத்து விருந்தாளியாகப் பிழைத்துக்கொண்டது. சந்தைக்கு உகந்த மரமோ, இலட்சக்கணக்கான ஏக்கர் காட்டை விழுங்கி நின்றது.

அத்தோட்டங்களில் கீறவும் களையெடுக்கவும் சென்றவர்கள் யார் என்று நமக்குச் சொல்லவேண்டியதில்லை. திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சைப் பகுதிகளின் ஊர்களிலிருந்து கங்காணிகளின் பின்னே நம் மக்கள் சென்றார்கள். இலங்கையில் ரப்பருக்கு முன்பே காப்பித் தோட்டங்கள் அவர்களை அழைத்திருந்தன. 1830கள் தொடங்கி, மன்னாரில் கரையிறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை நோக்கிக் கால்நடையாய் நடந்தார்கள். பசியும் காய்ச்சலும் காலராவும் வழிநெடுகிலும் அவர்களை வீழ்த்தின. எத்தனை பேர் மடிந்தனர் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றளவும் வேறுபடுகின்றனர்.

சற்றே நின்று எண்ணிப் பார்ப்போம். எத்தனை கன்றுகள், எத்தனை பேழைகள், எந்தத் திங்களில் புறப்பட்டன, எத்தனை பிழைத்தன என்ற கணக்கு ஏட்டில் இருக்கிறது. அக்கன்றுகளை வளர்க்கும் நிலங்களை நோக்கி நடந்து வீழ்ந்த மனிதரின் கணக்கு இல்லை. செடிக்கு ஒளி வேண்டும், ஈரம் வேண்டும், உப்புக் காற்று ஆகாது என்று அறிந்த அதே காலம், மனிதனுக்கு வழியில் ஒரு சத்திரமும் குடிநீரும் வேண்டும் என்பதை அறிய மறந்தது. அறியாமை என்று இதனைச் சொல்லிவிட முடியாது. எதைக் காத்தால் இலாபம் என்று பார்த்துக் காத்ததன் விளைவு இது. மடிந்த கன்று நட்டக் கணக்கில் ஏறிற்று. மடிந்த கூலியாளின் இடத்தை அடுத்த கப்பலில் வந்தவன் நிரப்பினான்.

வேரூன்றிய பின்னும் அவர்களுக்கு நிலைப்பு வாய்க்கவில்லை. மலையகத்தில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களுள் பெரும்பாலோரை 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. பிறந்த மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டு, மூதாதையரின் நாட்டில் புதியவராய் வந்திறங்கியவர்களுள் ஒரு பகுதியினர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்டனர். மரத்தைத் தொட்டி மாற்றும்போது வேர்மண் உதிராமல் தூக்கவேண்டும் என்று தோட்டக்காரர்கள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் இந்த எண்கள் நம் நினைவுக்கு வருகின்றன.

தேர்ந்தெடுக்குமுன்

இவ்வரலாற்றை அறிந்தபின் நர்சரிக்குள் நுழையும் நம் கண்கள் சிறிது மாறியிருக்கும். அங்கே முதலில் எழும் ஆசை, எந்த மரம் நம் கூடத்துக்கு அழகாயிருக்கும் என்பது. முதலில் கேட்கவேண்டியதோ, நம் கூடம் எந்த மரத்துக்கு வாழ்வு தரும் என்பது. ஆகவே செடியைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பார்க்கவேண்டும். நடுப்பகலில் விளக்கேற்றாமல் செய்தித்தாள் படிக்க முடியாத மூலையில் எந்த மரமும் நெடுநாள் வாழாது. கிழக்கு அல்லது வடக்குச் சன்னலுக்கு அருகே, காலை வெயிலோ பரந்த ஒளியோ படும் இடம் ரப்பர் அத்திக்கு உகந்தது. மேற்குச் சன்னலின் கோடை வெயில் இலையைக் கருக்கிவிடும். குளிரூட்டியின் காற்று நேரே படும் இடமும் ஆகாது. இலையில் வெள்ளையும் மஞ்சளும் கலந்த வகைகளில் பச்சையம் குறைவாதலால், அவற்றுக்கு ஒளி இன்னும் சற்று மிகுதியாக வேண்டும்.

செடியைத் தேர்கையில் உயரத்தை நாடாமல் உடல்நலத்தை நாடுவோம். அடியிலிருந்தே இலைகள் நிறைந்திருக்கின்றனவா, இலை விறைப்பாக நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். இலையின் பின்புறத்தையும் காம்பின் இடுக்கையும் திருப்பிப் பார்த்தால் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் தெரிந்துவிடும். தொட்டியடித் துளையில் வேர்கள் கற்றையாய்ப் பிதுங்கினால், அது இடநெருக்கடியில் நாட்பட இருந்த செடி.

காற்றைத் தூய்மையாக்கும் என்ற விளம்பரத்துக்காக மட்டும் வாங்கவேண்டாம். 1989இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா வெளியிட்ட ஓர் ஆய்வே அந்நம்பிக்கைக்கு வித்து. அச்சோதனைகள் சிறிய மூடிய அறைகளில் நிகழ்ந்தவை. காற்றோட்டமுள்ள வீட்டில் சில தொட்டிகளால் குறிப்பிடத்தக்க தூய்மை விளையாது என்பதை 2019இல் வெளியான மறுஆய்வு காட்டிற்று. மரத்தை மரமாகவே விரும்பி வாங்குவது நல்லது. பயனுக்காக மட்டும் விரும்பப்பட்டதன் கதியைத்தான் மேலே கண்டோமே.

கைவிரலே அளவுகோல்

பராமரிப்பு கடினமன்று, அது கவனத்தைக் கேட்கிறது. அடியில் துளையுள்ள தொட்டி வேண்டும். செம்மண்ணோடு மணலும் மக்கிய உரமும், கிடைத்தால் தேங்காய் நார்க் கழிவும் கலந்தால் நீர் எளிதில் வடியும். காற்றும் வேரை அடையும். அவையே மரக்கவட்டு அதற்குத் தந்த இரு வரங்கள். நீர் ஊற்றுவதற்கு நாட்காட்டி வேண்டாம். சுட்டுவிரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் நுழைத்துப் பார்ப்போம். ஈரம் ஒட்டினால் விட்டுவிடலாம். காய்ந்திருந்தால் அடித்துளையில் வழியும்வரை நன்றாக ஊற்றித் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடலாம். கோடையில் வாரம் இருமுறை தேவைப்படலாம். மழைக்காலத்தில் பத்து நாள் ஆனாலும் தேவைப்படாதிருக்கலாம்.

காட்டில் மழை இலைகளைக் கழுவுகிறது. வீட்டில் மழையில்லை, ஆகவே அப்பணி நம்முடையது. இரு வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால், இலையின் அடியில் ஒரு கையைத் தாங்கலாகக் கொடுத்து, தூசியைத் துடைக்கவேண்டும். எண்ணெய் பூசுவது இலைத்துளைகளை அடைக்கும். ஒளி ஒரு பக்கமே வருவதால் தொட்டியை அவ்வப்போது சிறிது திருப்பிவைத்தால் மரம் சாயாது. இடம் மாற்றினால் சில இலைகளை உதிர்க்கும். புதிய இடத்துக்குப் பழக அது எடுத்துக்கொள்ளும் காலம் அது. அப்போது பதறி மீண்டும் இடம் மாற்றுவதும் நீரைக் கூட்டுவதும் துன்பத்தைப் பெருக்கும்.

இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓரளவு மட்டுமே பெரிய தொட்டிக்கு மாற்றலாம். சிறு செடிக்கு மிகப் பெரிய தொட்டி தந்தால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி அழுகலைத் தரும். உயரம் மிகுந்தால் நுனியைக் கிள்ளலாம்; கிளை வெடிக்கும். வெட்டிய இடத்தில் வடியும் பால் தோலை உறுத்தும். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. தன் இனத்துக்குரிய குளவி வந்து சேராத இடத்தில் இம்மரத்தில் விதை பிடிக்காது. ஆகவே தண்டைக் கீறி, ஈரப்பாசி வைத்துக் கட்டி, வேர் வந்தபின் வெட்டி நடும் விண்பதியமே இனம் பெருக்கும் நல்வழி. ஒரு நண்பர்க்குக் கொடுக்க அதைவிட நல்ல பரிசில்லை. கொடுக்கும்போது, அது பிறந்த மலையின் கதையையும் சேர்த்துக் கொடுப்போமாக.

இன்னுமொரு எச்சரிக்கை. தொட்டியில் அடங்கவில்லையே என்று இரக்கப்பட்டு வீட்டுச் சுவரோரம் மண்ணில் நட்டுவிடுவோர் உண்டு. ஆற்றைக் கடக்கும் வேர் அது. அடித்தளத்தையும் கிணற்றுச் சுவரையும் எளிதில் கடந்துவிடும். விரிந்த வெளி இருந்தால் தாராளமாக நடலாம்.

இப்போது நம் கிழக்குச் சன்னலருகே வேறொரு ரப்பர் அத்தி நிற்கிறது. வந்து ஆறாண்டுகள் ஆகின்றன. நம் தோள் உயரம் வளர்ந்திருக்கிறது. அது ஒருபோதும் ஆற்றின் மேல் பாலமாகப் போவதில்லை. பறவைக்குப் பழம் தரப்போவதுமில்லை. அவ்வளவையும் அதனிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்ற உணர்வு, ஈரம் பார்க்க மண்ணில் விரலை நுழைக்கும் ஒவ்வொரு முறையும் எழுகிறது. முதற்செடிக்கு நாம் நாள்தோறும் நீர் தந்தோம். ஆயினும் அது யாரென்று கேட்கவில்லை. இச்செடிக்குத் தரும் நீர் குறைவு, கேட்பது அதிகம். நம் வீட்டுக்கும் ஊருக்கும் எங்கிருந்தோ பெயர்ந்துவந்து நிற்கும் மனிதர்களிடமும் அக்கேள்வியை முதலில் கேட்கப் பழகினால், ஒரு தொட்டி மரம் நமக்குக் கற்பித்தது வீண்போகாது.